தியாகி வளர்த்த நாய்

எங்கள் தெருவில் தியாகி என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்ட கூரியர்க்காரர் தெருமுனை வரை போய், அப்படி யாரும் இல்லை என்று பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் எந்தப் போராட்டத்திலும் இருந்ததில்லை. ரத்ததான முகாமில்கூட ஊசியைக் கண்டதும் தனக்குச் சர்க்கரை என்று சொல்லி எழுந்து வந்தவர். சர்க்கரையும் கிடையாது. மனைவி ராணுவத்தில் இருந்தாள். அதுதான் அவர் செய்த தியாகம்.

"வீட்டுக்காரியையே நாட்டுக்குக் கொடுத்திருக்கேன் சார்" என்பார். ஏதோ தன் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி.

அவர் காப்பீட்டு முகவர். பர்ஸைத் திறந்தால் முதலில் தெரிவது சீருடையில் இருக்கும் மனைவியின் படம். யார் வீட்டுக்குப் பாலிசி பேசப் போனாலும் அந்தப் பர்ஸைத் தற்செயலாகத் திறப்பது போலத் திறப்பார். எதிரில் இருப்பவர் "யாரு சார் இது?" என்று கேட்டுவிட்டால் போதும், பாதிக் கையெழுத்து விழுந்த மாதிரி. "ராணுவக் குடும்பம் சார் நாங்க. எங்க வாயில பொய் வராது" என்பார். அப்புறம் அரைமணி நேரம் பொய்யாகப் பேசுவார். ராணுவ கேன்டீனில் சலுகை விலையில் அவள் பெயரில் வாங்கிய மின்விசிறியும் பாட்டிலும் யார் யார் வீட்டுக்குப் போயின என்பதும் தெருவுக்குத் தெரியும்.

அவள் ராணுவ வண்டிப் பட்டறையில் மெக்கானிக். சார்ஜெண்ட். தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். நானும் அப்படியே சொல்கிறேன். நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே இருந்த பட்டறையிலிருந்து மாலை பஸ்ஸில் வந்து இறங்கினால், வாசலில் இரண்டு ஸ்கூட்டராவது ரிப்பேருக்குக் காத்திருக்கும். குனிந்து பார்ப்பாள், ஒரு ஸ்பேனரைப் போடுவாள், உதைத்துக் கிளப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். நன்றி சொல்வதற்குக்கூட ஆள் நிற்கமாட்டாள். இப்படி ஒருத்திக்கும் அப்படி ஒருவருக்கும் யார் பொருத்தம் பார்த்தார்களோ, அவர்களைத்தான் முதலில் எல்லைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து வேலை. தனி ஆள். கீழே பேசுவது மேலே கேட்கும். தியாகி பேசுவது பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

அந்த வீட்டில் பிள்ளை இல்லை. ஒரு நாயும் ஒரு பூனையும் இருந்தன. இரண்டையும் கொண்டுவந்தவர் தியாகிதான் என்பதை நான் மறைக்கக்கூடாது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நாய் குட்டி போட்டு, யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பாலிசி ஒன்று தொங்கலில் இருந்தது. இவர் குட்டியை வாங்கிக்கொண்டார், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், சாதாரணத் தெரு ஜாதி. அதற்குக் 'கேப்டன்' என்று பெயர் வைத்தார்.

"கேப்டனா? வெளியில அடிக்கிற சல்யூட் பத்தாதா, வீட்லயும் அடிக்கணுமா?" என்று சார்ஜெண்ட் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

பூனை ஒரு மழை நாளில் தானாக வந்தது. கன்னங்கரேல் என்று இருந்த அதை வெள்ளைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார் தியாகி. கருணையுள்ளம் என்று எல்லோரும் பதில் போட்டார்கள். பஞ்சு என்று பெயரும் வைத்தார். துண்டு காய்ந்ததோடு கருணையும் காய்ந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பூனையைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

உண்ணி பார்ப்பது, ஊசிக்குக் கூட்டிப்போவது, பேதியானால் தரை கழுவுவது எல்லாம் சார்ஜெண்ட். பட்டறையில் நாளெல்லாம் லாரிக்கு அடியில் கிடந்துவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து நாயின் காதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவள் தொடையில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கும். தியாகி உள்ளேயிருந்து, "நாய் வளர்க்கறதுல ஒரு டிசிப்ளின் வேணும்" என்று யாருக்கோ போனில் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கேப்டன் எதையோ விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொண்டது. எலும்போ, கம்பியோ. ஆபரேஷன் வரை போனது. சார்ஜெண்ட் லீவு போட்டு, கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தாள். "உயிர் தங்கிடுச்சும்மா, குரல்தான் திரும்பாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து கேப்டன் குரைத்ததில்லை. வாயைத் திறக்கும், உடம்பு குலுங்கும், காற்று மட்டும் வரும். சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு இளைப்பு. தெருவில் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். தியாகி அந்தச் சமயம் முகவர்கள் மாநாட்டுக்குப் போய், பரிசாக ஒரு சுவர்க்கடிகாரத்தோடு திரும்பி வந்தார். ஆபரேஷன் என்று சொன்னார்கள், அப்படியா என்றார். வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு, பக்கத்தில் ஒரு குரல் நின்றுபோனது எப்படிக் கேட்கும்?

அடுத்து வந்தது மாற்றல் உத்தரவு. மலை முகாம். குளிரில் வண்டிகள் படுத்துக்கொள்கின்றன என்று மெக்கானிக்குகளைத் திரட்டி அனுப்பினார்கள். ஒரு வருஷமாவது ஆகும், குடும்பம் வரக்கூடாது, பிராணிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் யூனிட் அதிகாரியிடம் அவள் கேட்டுப் பார்த்தாளாம். "அம்மா அப்பாவுக்கு ஏதாவதுன்னா சொல்லு, பார்க்கலாம். நாய்க்கெல்லாம் ராணுவம் என்ன பண்ணும்?" என்றாராம். அவர்மேல் தப்பில்லை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு நான் கீழே போனேன்.

"ரெண்டையும் என்கிட்ட விட்டுட்டுப் போம்மா. மேல எடம் இருக்கு" என்றேன்.

சார்ஜெண்ட் முகம் தெளிந்தது. வாயைத் திறப்பதற்குள் தியாகி எழுந்துவிட்டார். "என்ன மேடம், நான் எதுக்கு இருக்கேன்? அவ நாட்டைப் பார்த்துக்கட்டும், நான் வீட்டைப் பார்த்துக்கறேன். நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டி பார்டர்ல நிக்கறா, புருஷன் ஒரு நாயைப் பார்த்துக்க வக்கில்லன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அவனுக்குச் சோத்தைப் பெசஞ்சு கூழாத்தான் வெக்கணும். தொண்டையில எறங்காது" என்றாள் சார்ஜெண்ட்.

"எல்லாம் தெரியும்."

"பஞ்சு ராத்திரி உள்ளதான் படுக்கும்."

"தெரியும்னு சொல்றேன்ல? லாரியைப் பிரிச்சு மாட்டறவ நீ, மனுஷங்களை நம்பவும் கத்துக்க."

அவள் நம்பினாள். அல்லது நம்பத்தான் வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பூனைதான் முதலில் போனது. அது தியாகியின் கைப்பெட்டிக்குள் ஒன்றுக்குப் போய்விட்டது. உள்ளே ஒரு வாடிக்கையாளரின் புத்தம்புது பாலிசி. மறுநாள் காலை அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய் மீன் மார்க்கெட்டில் அவிழ்த்துவிட்டார். மனைவியிடம், "ஓடிப்போயிடுச்சு, பூனைன்னாலே நன்றி கெட்டது" என்று சொன்னார். என்னிடமும் அதையேதான் சொன்னார். மீன் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரி கண்ணால் பார்த்திருந்ததால் அந்தப் பொய் மதியம் வரைகூடத் தாங்கவில்லை. நான் மார்க்கெட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். பஞ்சு ஒரு மீன்காரம்மாவின் பலகைக்கு அடியில் உட்கார்ந்து, இரண்டு கன்னமும் நிறைய மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. வரவில்லை.

"உங்க பூனையாம்மா? விட்டுட்டுப் போங்க. எலித் தொல்லை நின்னுடுச்சு" என்றார் மீன்காரம்மா. விட்டுவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் கேப்டனையும் காணோம். வாசல் வெறிச்சென்று இருந்தது. கேட்டேன்.

"தங்கச்சி வீட்ல விட்டிருக்கேன் மேடம். தோட்டம், காத்து, எல்லாம் இருக்கு. நாய்க்கும் ஒரு சேஞ்ச் வேணும்ல?"

அவருக்குத் தங்கை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மேலே ஒன்றும் கேட்கவில்லை. மனுஷனுக்கு ஒரு தங்கை இருப்பது பெரிய அதிசயமில்லையே.

அந்த மாதமே நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வேலை முடிந்து வந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாய் குரைக்கும் சத்தம். கேப்டன் வந்துவிட்டதா, குரல் வேறு வந்துவிட்டதா என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் தியாகி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன், அதை எட்ட நீட்டிப் பிடித்திருந்தார். இன்னொரு கையை வாயோரம் குவித்து, கழுத்து நரம்பு புடைக்கக் குரைத்துக்கொண்டிருந்தார். முதலில் இரண்டு சின்னக் குரைப்பு, அப்புறம் ஒரு நீளமான உறுமல். அதோடு விடாமல் "டேய் கேப்டன், போதும், அம்மாதான், கத்தாதே" என்று தன்னையே அதட்டினார். பிறகு போனைக் காதில் வைத்து, "பார்த்தியா, உன் குரல் கேட்டதும் என்ன குதி குதிக்கிறான்!" என்றார்.

நான் சத்தமில்லாமல் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. ஐம்பதை எட்டப்போகிற ஒரு மனுஷன், சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டியிடம் நாயாக நடிக்கிறான். அதையும் சரியாக நடிக்கத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று சார்ஜெண்ட் பின்னால் சொன்னாள். முகாமில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு ஜன்னலோரம். போனை ஜன்னல் விளிம்பில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும். பின்னால் வரிசையில் மற்றவர்கள் நிற்பார்கள். குரைப்பு வந்ததும் அவர்கள் எல்லோரும், "சார்ஜெண்ட், உங்க நாய் கம்பீரமா இருக்கே!" என்று கைதட்டினார்களாம். அவள் 'சரி, வெக்கறேன்' என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்று, தன் முறை வந்ததும் எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வீட்ல குரைச்சது யாரு?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உன் வீட்டுக்காரர்தாம்மா."



"கேப்டன் எங்க?"

"அவரோட தங்கச்சி வீட்ல விட்டிருக்கேன்னு சொன்னாரு."

"அவருக்குத் தங்கச்சியே கிடையாதே அக்கா."

 அவள் குரல் உயரவில்லை. "அவர்கிட்ட எதுவும் கேக்காதீங்க. கேட்டா இன்னொரு கதை வரும். நீங்க மட்டும் கொஞ்சம் தேடிப் பாருங்க அக்கா. இங்கேர்ந்து என்னால எறங்க முடியாது, பாதையில பனி."

தேடினேன். கால்நடை ஆஸ்பத்திரி, டீக்கடைகள், பஸ் டிப்போ என்று வேலை முடிந்து தினம் ஒரு பக்கம் போனேன். நாய் கிடைக்கவில்லை. இந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வந்து நின்றது. நல்ல தேக்கு. உள்ளே பச்சை வெல்வெட், மேலே சின்ன விளக்கு. சார்ஜெண்டின் பதக்கங்களையும் பழைய தொப்பியையும் சீருடைப் படத்தையும் அதில் அடுக்கினார் தியாகி. அவள் பட்டறையில் வாங்கியது மூன்றே பதக்கம் என்பதால், மீதி இடத்தில் தன்னுடைய விற்பனைக் கேடயங்களை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியைப் பார்க்க வரச்சொல்லித் தெருவையே கூப்பிட்டார். பெரிய வாடிக்கையாளர்கள் சிலரும் வந்திருந்தார்கள். நானும் போனேன்; மாடியில் இருந்தாலும் காதில் விழப்போகிற பேச்சுதானே.

"ஒரு வீரனைக் கொடுக்கறது ஈசி. அந்த வீரனோட வீட்டைக் காத்து நிக்கறதுதான் கஷ்டம்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடிப்பதா வேண்டாமா என்று நின்றோம். "அவ வளர்த்த ஜீவன்களைக்கூட என் கண்ணா..." என்று அவர் கையைக் கண்ணருகே கொண்டுபோன நேரத்தில், வாசலில் ஒரு சுமை ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர் மரக்கடைக்காரர். ரயில் பாதைக்கு அந்தப்புறம் பெரிய மரக்கிடங்கு வைத்திருப்பவர். தடித்த ஆள், நெற்றியெல்லாம் வியர்வை. கூடவே இரண்டு சுமைக்காரர்கள். ஆட்டோவின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு நின்றது கேப்டன். விலா எலும்பு தெரிந்தது. கழுத்தில் கயிறு அறுத்த இடம் புண்ணாகி ஈ மொய்த்தது.

"எங்கய்யா அந்த மிலிட்டரிக்காரர்?" என்றார் மரக்கடைக்காரர்.

தியாகிக்குக் கண்ணருகே போன கை அப்படியே நின்றது. "அண்ணே, வாங்க, வாங்க, ஒரு சின்ன ஃபங்ஷன், அப்புறம் பேசலாம்..."

"அப்புறம் என்ன பேசறது? என்னய்யா சொல்லிக் கொடுத்தே? 'ராணுவத்துல ட்ரெயினிங் எடுத்த நாய், பார்டர்ல நின்ன நாய், ஒரு ஈ உள்ள வராது'ன்னு சொன்னியா இல்லையா? அதை நம்பித்தானே தேக்குல இவ்வளவு பெரிய அலமாரி பண்ணிக் கொடுத்தேன்? நேத்து திருடன் வந்து பாதிக் கிடங்கை ஏத்திட்டுப் போயிருக்கான். இது நின்னு பார்த்துட்டு இருந்திருக்கு. குரைக்கவே இல்லய்யா! எதிர்ல இருக்கற சைக்கிள் கடைக்காரர் பார்த்துட்டு, என் ஆளுங்கதான் ஏத்தறாங்கன்னு நினைச்சாராம். இது வாலை வேற ஆட்டுச்சாம்!"

 எதிர்வீட்டுப் பொடியன் ஒருவன்தான் தாராளமாகச் சொன்னான்: "கேப்டன் குரைக்காதே. அதுக்குத் தொண்டையில ஆபரேஷன் பண்ணியிருக்காங்களே."

தியாகி அவனைத் திரும்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் இருந்தது திருட்டு முழி இல்லை, ஆச்சரியம். அந்த நிமிஷம்தான் அவருக்கு அது தெரியும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வேண்டுமென்றே ஊமை நாயைக் காவலுக்கு விற்றிருந்தால் அவரைக் கெட்டிக்கார அயோக்கியன் என்றாவது ஒரு கணக்கில் வைத்திருக்கலாம். அதற்குக்கூட லாயக்கில்லை.

"நாயை நீயே வெச்சுக்க. என் அலமாரியை நான் எடுத்துக்கறேன்" என்றார் மரக்கடைக்காரர்.

மனுஷன் முரடர்தான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அலமாரியைத் திறந்து, சார்ஜெண்டின் பதக்கங்களையும் தொப்பியையும் படத்தையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து, துண்டை விரித்து நாற்காலிமேல் பத்திரமாக வைத்தார். தியாகியின் கேடயங்களைச் சுமைக்காரர்கள் தரையில் கொட்டினார்கள். அலமாரி படியிறங்கி ஆட்டோவில் ஏறியது. வாடிக்கையாளர்களில் ஒருவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பாலிசி விஷயம் நான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார். ராணுவக் குடும்பத் தலைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் கயிற்றை அவிழ்த்துக் கேப்டனை மேலே கூட்டிக்கொண்டு போனேன். படியேற அதற்குத் தெம்பில்லை, தூக்கிக்கொண்டேன். சோறு குழையவைத்துப் பிசைந்து கொடுத்தேன். அன்று சாயங்காலம் சார்ஜெண்ட் கூப்பிட்டபோது போனை அதன் வாயருகே வைத்தேன். அவள் "கேப்டன்" என்றாள், ஒரே தடவை. அது எழுந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்து, உடம்பு முழுக்கக் குலுங்கி, அந்த ஓட்டை டியூப் சத்தத்தை விட்டது. விட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இவன்தான் அக்கா" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

முகாம் முடிந்து அவள் திரும்பிய அன்று, தியாகி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தெரிந்த ஒரு போட்டோக்காரரையும் கூட்டிவைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பெட்டியோடு வந்தவள் அவரைச் சுற்றிக்கொண்டு, நேராக மாடிப்படி ஏறினாள். போட்டோக்காரர் என்ன எடுப்பது என்று தெரியாமல் காலியாக இருந்த படியை ஒரு படம் எடுத்தார்.

தியாகி பின்னாலேயே வந்தார். நாய் அவள் மடியில் ஏறி, முகமெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. அவர் என் வாசல்படியில் நின்றபடி, "ஒரு நாய்க்காகவா இவ்வளவு? எனக்கும் அது பிள்ளை மாதிரிதான். ஏதோ சூழ்நிலை..." என்றார்.

சார்ஜெண்ட் நிமிரவில்லை. கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தனியா சமாளிக்க முடியல, கொடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன். என் யூனிட் முழுக்கக் கேக்க நின்னு குரைச்சீங்க பாருங்க. அதுக்கு மேல நான் எப்படி உங்ககூட ஒரே வீட்ல உக்காந்து சாப்பிடறது?"

அவர் வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து ஒன்றும் வராததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

லீவு முடிவதற்குள் அவள் வேறு ஊர்ப் பட்டறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ராணுவக் குடியிருப்பில் ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு நாய் வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். பஞ்சு முன்னைவிட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அவளைப் பார்த்தது, வந்து காலைச் சுற்றி ஒரு உரசு உரசியது, திரும்பிப் போய்ப் பலகைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. "நல்லா இருடீ" என்று சொல்லிவிட்டு, மீன்காரம்மாவின் பழுதான தராசைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதோடு ஆள் அடங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சில மாதம் கழித்து தியாகி அவளைச் சமாதானம் செய்யக் கிளம்பிப்போனார். கையில் என்ன கொண்டுபோனார் தெரியுமா? கூடையில் ஒரு நாய்க்குட்டி. அதுவும் ஏதோ வாடிக்கையாளர் வீட்டுக் குட்டிதான். அதற்கு 'மேஜர்' என்று பெயரும் வைத்தாகிவிட்டதாம்.

குடியிருப்பு வாசலில் காவலாளி நிறுத்திவிட்டு உள்ளே போன் செய்தானாம். "சார்ஜெண்ட், உங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் வந்திருக்கார். கூடையோட." அவள் கை துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, கூடையைத் திறந்து, குட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பசியில் கத்திக்கொண்டிருந்தது.

"இதை நான் எடுத்துக்கறேன். உங்ககூடத் திருப்பி அனுப்ப முடியாது" என்றாள். "என் வீட்ல ஒண்ணுக்கு மேல கூடாது. பக்கத்து வீட்ல கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கொடுத்துடறேன்."

"அப்போ நான்?"

"உங்களை யாரும் கேக்கல" என்றாள் சார்ஜெண்ட்.

இதை அவள் என்னிடம் போனில் சொன்னபோது, நான் சிரித்த சிரிப்பு கீழே அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவள் விவாகரத்துக்குப் போகவில்லை. அதற்கு லீவு எடுக்க வேண்டும் என்கிறாள். கேப்டன் பட்டறை வாசலில் படுத்துக் கிடக்கிறதாம். கண் மங்கிவிட்டது, வண்டிச் சத்தத்தை வைத்தே எது எந்த லாரி என்று கண்டுபிடித்துவிடுகிறது என்று பெருமை அடித்துக்கொள்கிறாள். அதை நான் முழுசாக நம்பவில்லை. பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்.

தியாகி இன்னும் கீழேதான் இருக்கிறார். பர்ஸில் அதே படம். மனைவி ரகசியப் பணியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார் என்று கேள்வி. போன வாரம் என் கதவைத் தட்டினார். கையில் வழவழவென்று ஒரு காகிதம்.

"மேடம், புதுசா ஒரு பாலிசி வந்திருக்கு. வீட்ல வளர்க்கற நாய், பூனைக்கு. காணாமப் போனாக்கூடக் கவர் ஆகும். நம்ம மாதிரி ஜீவகாருண்யம் உள்ளவங்களுக்காகவே பண்ணியிருக்காங்க."

நான் அவரை உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் விளக்கச் சொன்னேன். எந்தெந்த நோய்க்கு உண்டு, தொலைந்துபோனால் யாரிடம் சொல்ல வேண்டும், கிழட்டு நாய்க்கு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொண்டை வறளும்வரை பேசினார். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் பேனாவை நீட்டினார்.

"என்கிட்ட நாயும் இல்ல, பூனையும் இல்லையே சார்" என்றேன்.